ஏழு மணி வெளிச்சம்

ஒரு விடுகதை போடட்டுங்களா? சும்மா இருந்தால் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். நீங்களும் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு வேறொரு கதவைப் பார்த்துக்கொண்டிருக்கீங்க. நேரம் போகட்டும், கேளுங்க.

ஒரு ரூம். உள்ளே ஒரு கட்டில். ஜன்னலுக்குக் கனத்த திரை. வெளியே மண்டையைப் பிளக்கிற உச்சி வெயில். உள்ளே காலை ஏழு மணி. மத்தியானம் இரண்டு மணிக்கு எட்டிப் பார்த்தாலும் உள்ளே ஏழு மணி. சாயந்திரம் ஐந்துக்குப் பார்த்தாலும் ஏழு மணி. அது எந்த ரூம்?

ஓடாத கடிகாரம் மாட்டிய ரூமா? நல்ல பதில்தான். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அது இல்லைங்க. அது நான் லைட் போட்ட ரூம்.

என் பெயர் குமரேசன். கரூரில் படம் எடுக்கிறவர்களிடம் லைட் குமரேசன் என்று கேட்டால் தெரியும். கல்யாண மண்டபத்துக்கு சீரியல் பல்பு கட்டுகிற வேலை என்று நினைத்துக்கொள்ளாதீங்க. எங்கள் ஊரில் பெட்ஷீட், தலையணை உறை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனிகள் நிறைய. பெட்ஷீட்டைக் காட்டக் கட்டில் வேண்டும், கட்டிலுக்கு ஒரு நல்ல ரூம் வேண்டும். அதனால் ஹோட்டலில் ஒரு ரூமை ஒரு நாளைக்கு எடுத்து, அங்கே இருக்கிற விரிப்பை உருவிவிட்டு, தங்கள் துணியை விரித்துப் படம் எடுப்பார்கள். குழந்தைகளுக்கான பெட்ஷீட் என்றால், யானை போட்டது, ராக்கெட் போட்டது என்று வருமே, அதற்குக் கட்டிலில் ஒரு குழந்தை உட்கார்ந்து புத்தகம் பார்க்கணும். காலையில் எழுந்து அப்படியே உட்கார்ந்த மாதிரி. அந்தக் காலையைக் கொண்டுவருகிறவன் நான்.

என் பெண் உள்ளே இருக்கிறாள். சஷ்டிகா. ஒன்பது வயது, நாலாவது முடித்து அஞ்சாவது போகிறாள். இந்தக் குடும்பக் கோர்ட்டின் கவுன்சிலர் அம்மா தனியாகப் பேசணும் என்று கூட்டிக்கொண்டு போய்ப் பத்து நிமிஷம் ஆகிறது. இந்த மே மாத லீவு முழுக்க அவள் என்னோடு இருப்பதா, அவள் அம்மாவோடு இருப்பதா என்பதுதான் இன்றைய கேள்வி. பிள்ளை என்ன சொல்கிறதோ அதை எழுதி ஜட்ஜ் அம்மாவுக்கு அனுப்புவார்களாம். தூணோரம் பச்சைப் புடவையில் நிற்கிறாளே, அவள்தான் கோகிலா, என் வீட்டுக்காரி. நேராகப் பார்க்காதீங்க. இந்தப் பக்கம் திரும்பிவிடுவாள்.

தப்பு என்மேல் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுக்கக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்க.

லைட் போடுவது சுவிட்சைத் தட்டுகிற வேலை இல்லை. ஹோட்டல் ரூம் என்பதே எங்களுக்குப் பகையாளி. முதலில் அவர்கள் வைத்திருக்கிற மஞ்சள் பல்பு எல்லாவற்றையும் அணைக்கணும். நிலைக்கண்ணாடியில் நம் லைட் தெரியும், அதற்கு ஒரு துணி. டிவி இன்னொரு கண்ணாடி மாதிரி நிற்கும், அதற்கும் ஒரு துணி. ரூமே பத்துக்குப் பன்னிரண்டு. கட்டில் போக நமக்கு மிஞ்சுவது இரண்டடிச் சந்து, அதில்தான் நாலு ஸ்டாண்டும் நிற்கணும். ஏசி போட முடியாது. ஏசியும் நம் லைட்டும் சேர்ந்து ஓடினால் அந்த ரூமுக்குக் கரண்ட் டிரிப் ஆகிவிடும். ஏப்ரல் மாதம், கரூர், ஜன்னல் சாத்தியிருக்கிறது, ஏசி இல்லை. நினைத்துப் பாருங்க.

இதெல்லாம் சரிபண்ண மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரமும் கட்டிலில் ஒரு ஆள் வேண்டும். ஏனென்றால் வெளிச்சம் காற்றில் தெரியாது. ஒரு முகத்தில் விழுந்தால்தான் தெரியும். கன்னத்தில் எவ்வளவு விழுகிறது, மூக்கின் நிழல் எந்தப் பக்கம் போகிறது, முடியோரம் மெல்லிசாக ஒரு கோடு வருகிறதா, இதெல்லாம் பார்க்கணும். நான் உட்கார்ந்தால் தலை ஓரடி மேலே போய்விடும். தலையணையை அடுக்கி வைத்துப் பார்த்தேன். தலையணைக்கு மூக்கு இல்லை. படத்தில் வரப்போகிற குழந்தை பெங்களூரிலிருந்து அம்மாவோடு வரும். அது பத்து நிமிஷம்தான் உட்காரும், அதுவும் பிஸ்கட்டைக் காட்டினால்தான்.

அதனால்தான் சஷ்டிகாவைக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு வருஷத்துக்கு முந்தின மே மாதம், அவளுக்கு அப்போது ஏழு வயது. உயரம் கச்சிதமாக இருந்தது.

முதல் நாள் அவளும் எல்லாப் பிள்ளையும் மாதிரிதான். திரும்பினாள், காலை ஆட்டினாள், ஃபேனைப் பார்த்தாள். தலை இரண்டு அங்குலம் நகர்ந்தால் என் அரை மணி நேர வேலை வீண். நான் பிள்ளையை அடிக்கிறவன் இல்லைங்க. இன்றுவரைக்கும் குரலை உயர்த்தினது கிடையாது. விளையாட்டு மாதிரிதான் சொல்லிக்கொடுத்தேன். எதிர்ச் சுவரில் ஒரு புள்ளி காட்டினேன். "இதுதான் உன் வீடு சாமி. அப்பா 'சரி'ன்னு சொல்ற வரைக்கும் கண்ணு வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது" என்றேன். அவ்வளவுதான் பாடம். ஸ்கூல் திறந்த பிறகும் விடாமல் பழக்கினேன். சாயந்திரம் பையைக் கழற்றி வைத்ததும் கட்டிலில் உட்கார்த்தி, முதலில் ஐந்து நிமிஷம். அப்புறம் பத்து. 'சரி' சொன்னதும் ஒரு தேன்மிட்டாய். தீபாவளி வருவதற்குள் நாற்பது நிமிஷத்துக்கு வந்துவிட்டாள்.

நாற்பது நிமிஷங்க. பெரிய ஆளால் முடியுமா? நான் பேச ஆரம்பித்ததிலிருந்து நீங்க மூன்று தடவை காலை மாற்றிப் போட்டுவிட்டீங்க.

போட்டோ எடுக்கிற ரிச்சர்டு சார் அசந்துபோனார். பதினோரு வருஷமாக அவரோடுதான் வேலை செய்கிறேன், லேசில் ஒருத்தரையும் புகழ மாட்டார். "குமரேசா, இது புள்ளையா பல்லியாய்யா? ஒட்டுன இடத்துலயே ஒட்டிக்கிட்டுக் கெடக்குது" என்பார். அன்றிலிருந்து அவருக்கு இவள் பல்லி. "பல்லி வந்தாச்சா? அப்ப லைட்டை ஆரம்பி." மேக்கப் போடுகிற ஜெபா அக்காவுக்கு இவள்மேல் உசுர். "மூக்கு அரிச்சா சொறிஞ்சுக்கோ பாப்பா. நான் வேணா அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்" என்பார்.

"அப்பா சொல்லட்டும் அத்தை" என்பாள் இவள். உதடு மட்டும்தான் அசையும்.

என்னங்க, யார் பேரைக் கூப்பிடுகிறார்கள்? எங்களுடையது இல்லை. உங்களுடையதும் இல்லை. உட்காருங்க.

கோகிலாவுக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. ஒருநாள் சாயந்திரம் வீட்டில் பழக்கிக்கொண்டிருக்கிறேன், பிள்ளை கட்டிலில் இருக்கிறாள், கன்னத்தில் ஒரு கொசு உட்கார்ந்தது. கோகிலா வாசலில் நின்று பார்க்கிறாள். கொசு குடித்து, வயிறு சிவந்து, எழும்ப முடியாமல் எழும்பிப் போனது. பிள்ளை இமைகூடக் கொட்டவில்லை. இருபத்தெட்டாவது நிமிஷம் அது. எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது.

"ஏனுங்க மாமா, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க எம் புள்ளைய?" என்றாள் கோகிலா.

"என்ன பண்ணினேன்? அவளா இருக்கறா."

"அவளா எங்கீங்க இருக்கறா? கொசு ரத்தத்தைக் குடிச்சுட்டுப் போவுது, கையத் தூக்க மாட்டீங்கறா. நேத்து டீச்சர் போன் பண்ணிச்சு. கேள்வி கேட்டு எந்திரிச்சவ, உக்காருன்னு சொல்ல மறந்துட்டாங்களாம், அடுத்த பீரியடு முடியற வரைக்கும் நின்னிருக்கறா."

"மத்த புள்ளைக உக்காரச் சொன்னாலே உக்காராது. இவ நிக்கறா. இதுக்கு ஒரு போனா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இது புள்ளைங்க மாமா. உங்க ஸ்டாண்டு இல்லைங்க" என்றாள்.

பேச்சைப் பாருங்க. ஸ்டாண்டையும் பிள்ளையையும் ஒன்றாகப் பார்க்கிற ஆளா நான்? பிள்ளைக்கு இது பிடிக்கவில்லை என்றால் அவள் சொல்லியிருக்க மாட்டாளா? ஒரே ஒரு தடவை, வாய் தவறிக்கூட, வேண்டாம் என்று சொன்னதில்லை.

சரி, அந்த நாளைச் சொல்கிறேன். அதை வைத்துத்தானே இந்தக் கேஸே. போன வருஷம் ஏப்ரல். பைபாஸ் பக்கம் ஒரு ஹோட்டல், மூன்றாவது மாடி. போய்ப் பார்த்தால் லிஃப்ட் வேலை செய்யவில்லை. லைட்டு, ஸ்டாண்டு, துணி எல்லாவற்றையும் படியில் தூக்கி ஏற்றினோம். மணல் மூட்டை நாலு இருந்தது. அதை மட்டும் வண்டியிலேயே விட்டுவிட்டேன். முதுகு போய்விட்டதுங்க, எனக்கு நாற்பத்தாறு வயது.

மணல் மூட்டை எதற்கு என்றால், ஒரு ஸ்டாண்டின் உச்சியில் நீளமாக ஒரு கம்பி படுத்திருக்கும். தராசுக் கோல் மாதிரி வைத்துக்கொள்ளுங்க. ஒரு முனையில் பெரிய லைட், கட்டிலுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். மறுமுனையில் அதற்குச் சமமாகக் கனம் தொங்கணும். இல்லையென்றால் ஸ்டாண்டு லைட் பக்கம் சாய்ந்துவிடும். அன்றைக்கு மணல் மூட்டைக்குப் பதில் ரூமில் இருந்த தண்ணீர் கேனைக் கட்டித் தொங்கவிட்டேன். பத்து லிட்டர் கேன், அடியில் குழாய் வைத்தது. பத்து லிட்டர் என்றால் பத்து கிலோ. கணக்குச் சரியாக இருந்தது. கையால் தட்டிப் பார்த்தேன், மலை மாதிரி நின்றது.

நின்றது, காலை எட்டரைக்கு.

இப்போது நீங்களே யோசித்துப் பாருங்க. ஏசி இல்லாத ரூமில் ஏழு பேர். இடுப்பு உயரத்தில் குழாயோடு ஒரு தண்ணீர் கேன் தொங்குகிறது. யார் சும்மா இருப்பார்கள்? ரிச்சர்டு சார் தம்ளர் தம்ளராகப் பிடித்துக் குடித்தார். கம்பெனியிலிருந்து வந்த மேனேஜர், பக்கத்திலேயே பாத்ரூம் இருக்க, இந்தக் குழாயில் கர்ச்சீப்பை நனைத்துக் கழுத்தைத் துடைத்தார். பெங்களூர்ப் பிள்ளையின் அம்மா ஃபிளாஸ்க்கை ரொப்பிக்கொண்டார். எல்லாரும் படித்தவர்கள். ஒருத்தருக்காவது, இது ஏன் இங்கே தொங்குகிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

டீயா? ஆமாம், டீ வந்தது. அது நான்தான் போட்டேன். ரூமில் கெட்டில் இருந்தது, மேனேஜர் கேட்டார். இரண்டு தடவை போட்டேன். தண்ணீர் அந்தக் கேனில்தான் பிடித்தேன். பின்னே, மூன்று மாடி இறங்கி ஏறுவதா? கெட்டிலில் எவ்வளவு பிடித்துவிடும், ஒன்றரை லிட்டர். அதை ஒரு கணக்கென்று சொல்ல முடியாது. அப்புறம் பிள்ளை "தண்ணிப்பா" என்றாள். அவள் தலை நகரக் கூடாது என்று நானே தம்ளரை வாயருகில் பிடித்து மெல்ல ஊற்றினேன். அரைத் தம்ளர். அதையும் சேர்த்துக்கொள்ளணும் என்றால் சேர்த்துக்கொள்ளுங்க.

பதினொன்றேகால் இருக்கும். வெளிச்சம் கிட்டத்தட்ட வந்துவிட்டது. திரையின் ஓரத்தில் ஒரு விரற்கடை இடைவெளி விட்டால் நிஜமான காலை மாதிரி ஒரு கீற்று விழும் என்று தோன்றியது. நான் கட்டிலைச் சுற்றி ஜன்னலுக்குப் போய், இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். ஜெபா அக்கா "பாப்பா, பாப்பா" என்று கூப்பிட்டது கேட்டது. குரல் வேறு மாதிரி இருந்தது.

திரும்பினேன். ஸ்டாண்டின் ஒரு கால் தரையை விட்டு எழும்பியிருந்தது. லைட் இறங்கிக்கொண்டிருந்தது. தடாலென்று இல்லைங்க. காற்றில் தானாகச் சாத்திக்கொள்கிற கதவு எப்படிப் போகும், அந்த வேகம். கீழே என் பெண் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் கண் புள்ளியை விட்டு மேலே போனது. லைட்டைப் பார்த்தாள். அது வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் மட்டும்தான் போனது.

'நகரு' என்று கத்தியிருக்கலாமே என்கிறீங்களா?

வாய் வரவில்லைங்க. ஒரே வார்த்தைதான். வரவில்லை. லைட்டைப் பிடிக்கப் பாய்ந்தேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நான், இடையில் இரண்டு ஸ்டாண்டு. கை எட்டவில்லை.

லைட்டின் இரும்பு விளிம்பு புருவத்துக்கு மேலே இறங்கியது. யானை போட்ட பெட்ஷீட், வெள்ளைத் துணி. எல்லாரும் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள், மேனேஜர் யாருக்கோ போன் பண்ணுகிறார், ஜெபா அக்கா பஞ்சை அள்ளிக்கொண்டு ஓடிவருகிறார். இவள் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கண்ணில் ரத்தம் இறங்கி மூடிவிட்டது. இன்னொரு கண் சுவரில் இருக்கிறது. நான் கட்டில்மேல் ஏறி, முகத்தைப் பிடித்து, "சரி சாமி, சரி" என்றேன். அப்புறம்தான் அழுதாள்.

ஏழு தையல். எலும்புக்கு ஒன்றும் இல்லை. கண்ணுக்கு ஒன்றும் இல்லை. அதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்கிறேன், கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

தையல் போட்ட டாக்டர் சின்னப் பையன்தான், முப்பது வயதுகூட இருக்காது. கட்டுப் போட்டுவிட்டு அவளிடம் பேச்சுக் கொடுத்தார். "லைட் விழுறதை நீ பாக்கலையா கண்ணு?"

"பாத்தேன்."

"பாத்தியா? அப்புறம் ஏன் நகரலை?"

"அப்பா இன்னும் சரி சொல்லலை" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். கோகிலா அப்போதுதான் உள்ளே வந்து கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். சண்டை போடுவாள் என்று நான் தயாராக இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் என் போனை வாங்கிப் பார்த்தாள். அதில் நான் வெளிச்சம் பார்ப்பதற்காக எடுத்த படங்கள் இருந்தன, எல்லாம் இவள் உட்கார்ந்திருப்பது. வருஷம் முழுக்க எடுத்தது, நானூறுக்கு மேலே. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் மயிரிழை பிசகாது. அவ்வளவு சுத்தமான வேலை. கோகிலா விரலால் தள்ளித் தள்ளி நானூறையும் பார்த்தாள். "இதுல வெளிச்சம்தானுங்க மாறுது" என்றாள். போனை என் கையில் கொடுத்தாள். மறுநாள் காலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு குளித்தலைக்கு, அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒரு வருஷம் ஆகிவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பார்க்கில் பிள்ளையோடு இரண்டு மணி நேரம். அதுவும் கோகிலாவின் அண்ணன் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பான். பேப்பரைத் திருப்பவே மாட்டான்.

இந்த ஒரு வருஷம் நான் என்ன பாடுபட்டேன் என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூட்டிப் போனேன், கட்டிலில் ஏறிக் குதித்தது. ரிச்சர்டு சார் கடைசியில் ஒரு துணிக்கடைப் பொம்மையை வாங்கிவந்தார். பொம்மையின் கன்னம் பளபளவென்று எதிரொளிக்கும், அதை நம்பி லைட் வைத்தால் நிஜப் பிள்ளை வரும்போது எல்லாம் தப்பு. அவரே சொன்னார், "பல்லி இல்லாம முடியாது குமரேசா." வருகிற பன்னிரண்டாம் தேதி ஒரு பெரிய ஷூட் இருக்கிறது. பிள்ளை கொஞ்சம் வளர்ந்திருக்கிறாள். இருந்தாலும் காலை மடக்கி உட்கார்ந்தால் சரியாக இருக்கும், கண்ணாலேயே அளந்துவிட்டேன். புதிதாக ஆறு மணல் மூட்டை வாங்கியாயிற்று. இனி கேன் தொங்கவிடுகிற பேச்சே இல்லை. அவ்வளவுதானே பிரச்சினை? அதைத்தான் சரிபண்ணிவிட்டேனே. இதை நான் கோகிலாவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் தெரியுங்களா?

மணி என்ன? இருபத்தைந்து நிமிஷம் ஆகிவிட்டதா?

இப்போது உங்களிடம் சொல்வதற்கென்ன. காலையிலிருந்து எனக்குக் கவலைதான். ஏன் தெரியுமா, பிள்ளையின் பழக்கம் எல்லாம் கெட்டுப்போயிருக்கிறது. இன்றைக்குக் காலையில் கேன்டீன் வரைக்கும் கூட்டிப்போகிறேன் என்று ஐந்து நிமிஷம் கேட்டு வாங்கினேன். ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தேன். ஸ்ட்ராவுக்குள் ஊதிக் குமிழி விடுகிறாள். விட்டுவிட்டுச் சிரிக்கிறாள். பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு காலையும் ஆட்டிக்கொண்டே, மாமா வீட்டில் ஆடு குட்டி போட்டதாம், இரண்டில் ஒன்று கறுப்பாம், அதற்கு இவள்தான் பேர் வைத்தாளாம், நிறுத்தாமல் பேசுகிறாள். எனக்குப் பகீர் என்றது. ஒரு வருஷப் பழக்கம், ஒரு வருஷத்தில் போயே போய்விட்டது. உள்ளே அந்த அம்மா அரை மணி நேரம் கேள்வி கேட்பார்களே, இது தாங்குமா?

கோகிலா ஒன்றும் சொல்லி அனுப்பவில்லைங்க. நான் காதாலேயே கேட்டேன். "உனக்கு என்ன தோணுதோ அதையே சொல்லு கண்ணு. ஒண்ணும் சொல்லத் தோணலைன்னா சும்மா இரு" என்கிறாள். ஒரு தாய் பேசுகிற பேச்சா இது? ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன தோன்றும்? நாம்தானே சொல்லணும்?

நான் சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னேன். "சாமி, உள்ள போனதும் அந்த அம்மா மேசையில ஏதாவது ஒரு சாமானைப் பாத்து வெச்சுக்கோ. பேனாவோ பேப்பர் வெயிட்டோ. அதுதான் இன்னைக்கு வீடு. என்ன கேட்டாலும் 'அப்பா கூட'ன்னு சொல்லு. வேற ஒண்ணும் பேச வேண்டாம்."

அவள் ரோஸ்மில்க்கைக் கீழே வைத்தாள். ஆடிக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டது.

"எவ்வளவு நேரம்ப்பா?" என்றாள்.

"அந்தக் கதவு தொறக்கற வரைக்கும்" என்றேன்.

ரோஸ்மில்க்கில் பாதி அப்படியே இருந்தது, குடி என்று சொன்ன பிறகு குடித்தாள். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனாலும் ஒரு வருஷ இடைவெளி பாருங்க. இடையில் அந்த ஆட்டுக்குட்டிப் பேச்சை எடுத்துவிட்டால்? அந்த அம்மா வேறு சிரித்த முகமாக இருக்கிறார், மேசை நிறைய பொம்மை வைத்திருக்கிறார். பொம்மையைக் கண்டதும் கை போய்விட்டால்? அதற்குத்தான் இவ்வளவு நேரமாக உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். பேசாமல் இருந்தால் எழுந்துபோய் அந்தக் கதவைத் தட்டிவிடுவேன், பாருங்க.

கோகிலா இந்தப் பக்கம் வருகிறாள். கதவு திறக்கிறது. இல்லை, வெறும் காபி கொண்டுபோகிறார்கள்.

இருங்க. இப்போது எங்கள் பேர்தான். குமரேசன், கோகிலவாணி. ஆமாம், நாங்கள்தான். இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்க, வந்துவிடுகிறேன்.

வந்துவிட்டேன், பையைக் கொடுங்க. ரொம்ப நன்றி. உங்களை இன்னும் கூப்பிடவில்லையா?

முடிந்துவிட்டதுங்க. கவுன்சிலர் அம்மா எழுதினதைப் படித்துக் காட்டினார். அரை மணி நேரத்துக்கு மேல் பேச்சுக் கொடுத்தாராம். ஸ்கூலைப் பற்றிக் கேட்டாராம், கூட்டாளிகளைப் பற்றிக் கேட்டாராம், புருவத் தழும்பைப் பற்றிக் கேட்டாராம். கலர் பென்சில் கொடுத்தாராம், எடுக்கவில்லையாம். பொம்மையைக் கையில் வைத்தாராம், வைத்த இடத்திலேயே இருந்ததாம். லீவுக்கு யாரோடு இருக்க ஆசை என்று மூன்று விதமாகக் கேட்டாராம், மூன்றுக்கும் ஒரே பதிலாம். பயப்படாமல் சொல் என்றும் சொல்லிப் பார்த்தாராம். கோகிலா பிள்ளை முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து, "கண்ணு, அம்மாவைப் பாரு" என்றாள். பிள்ளையின் கண் மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டிலேயே இருந்தது. அப்போது அந்த அம்மா நாலாவது தடவையாக, எங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு கேட்டார்.

அப்பா கூட என்று சொன்னாள்.